ஒரே ரத்தம், இரண்டு குழாய்

சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன் பிழைப்பு, கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவன் பிழைப்பு மாதிரி: எல்லாம் அவன் கண் முன்னால்தான் நடக்கும், அவன் மட்டும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டான்.

உங்களுக்கு இது புரியும். நீங்களும் என் கட்சிதான். வங்கியில், ஆஸ்பத்திரியில், செல்போனில், ‘மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே ஒரு எழுத்தும் படிக்காமல் ஒப்புக்கொண்டவர்தானே? நான் ஒரு படி மேல். அடுத்தவர் படித்துப் புரிந்துகொண்டார் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்.

அதற்கு முன்னால் முப்பத்து நாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தேன், செங்கல்பட்டு–கல்பாக்கம் தடத்தில். ஒரு தடவை சதுரங்கப்பட்டினத்தில் ஒரு திமிங்கலக் குட்டியைக் கூரையில் ஏற்றி, லக்கேஜ் டிக்கெட் இரண்டு கிழித்தேன், வாலுக்குத் தனி. இதை நம்பாதவர்கள் மேற்கொண்டு சொல்வதையும் நம்ப வேண்டாம். நம்புகிறவர்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்கிறேன்: திமிங்கலம் பொய். இனி வருவதெல்லாம் நிஜம். என் வருத்தமே அதுதான்.

ரிட்டையர் ஆகி, வீட்டில் மருமகள் முகத்தையும் டிவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த வேலை வந்தது. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரைச் சாலையில், கண்ணாடியாலேயே கட்டிய ஒரு ஆராய்ச்சிக் கூடம். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் திடீரென்று நெஞ்சு நின்று செத்துப்போன ஆண்கள் எந்தெந்தக் குடும்பத்தில் இருக்கிறார்களோ, அந்தக் குடும்பங்களைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். கோளாறு எந்த மரபணுவில் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம். ரத்தம் கொடுக்கிறவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டும். சொன்னதை, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் கொடுத்தால் சம்பந்தம் வந்துவிடும் என்பதால் எனக்கு பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் மட்டும்.

பதினோராம் பக்கம்

சம்மதப் படிவம் பதினேழு பக்கம். அதை வாய்விட்டுப் படிக்கிற வேலை நித்யாவுக்கு. முப்பது வயதுப் பெண். முகாம்களை எல்லாம் நடத்துகிறவர் அவர்தான். நல்ல குரல். எட்டாம் பக்கம் வரும்போது கேட்கிறவர்களில் பாதிப் பேர் தூங்கிப்போவார்கள், மீதிப் பேர் ‘எங்க மேடம் போடணும்?’ என்று பேனாவுக்குக் கை நீட்டுவார்கள்.

முதல் முகாம், திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு ஊரின் சமுதாயக் கூடத்தில். அங்கேதான் தேசம்மாவைப் பார்த்தேன். அணுபுரம் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குச் சமையல் செய்கிறவள். புருஷன் ஏகாம்பரம் முப்பத்தொன்பது வயதில், டீக்கடையில் நின்று குடித்துக்கொண்டிருந்தவன், கிளாஸைப் பத்திரமாகப் பலகையில் வைத்துவிட்டு அப்படியே விழுந்தான். அவன் அப்பனும் அதே வயதில் வரப்பில் விழுந்தவன்தான். தேசம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ரவி டைல்ஸ் ஒட்டுகிறான். இளையவன் சுரேஷ் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான்.

பதினேழு பக்கத்தையும் கொட்டக் கொட்ட விழித்திருந்து கேட்டவள் அந்த முகாமில் அவள் ஒருத்திதான். பதினோராம் பக்கத்தில், ‘தனிநபர் முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது’ என்று ஒரு வரி வரும். நித்யா அதையும் மற்ற வரிகளைப் போலவே நல்ல குரலில் படித்து முடித்தார். தேசம்மா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்: “இம்மா நேரம் படிச்சாங்களே அண்ணாத்த, எம் புள்ளைங்களுக்கு அவங்கப்பன் நெஞ்சு வந்துகீதா இல்லியான்னு எந்தப் பக்கத்துல போட்டுகீது?”

பெட்டிக்குள்ளே யார் பக்கத்தில் யார்

அதே ஊரில் ஒரு நிலக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் புது செல்போன். அவர் தம்பியும் வயசுக் காலத்திலேயே போனவன். நித்யா படித்ததை எல்லாம் பெருந்தன்மையோடு கேட்டுவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் என்றார். எடுக்கிற ரத்தத்தை எங்கே வைப்பீர்கள்? குளிர்பெட்டியில், என்றார் நித்யா. பெட்டி ஊருக்கு ஒன்றா? இல்லை, எல்லோருடையதும் ஒரே பெட்டியில்தான். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடியில் நின்ற காலனி ஆட்களைப் பார்த்தார். ‘அவங்களுதும் இதுலயா?’

நித்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ‘பங்கேற்பாளர் எழுப்பிய கேள்விகள்’ என்ற கட்டத்தில் அதை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினார். அதன் அடியிலும் நான் சாட்சி. ரத்தம் எடுக்கிற அருள் புதுப்பட்டினத்துப் பையன், மாதாகோயில் தெரு. அவன் தாத்தா இந்த மாதிரி நிலக்காரர்கள் வயலில்தான் நாற்று நட்டு, கூலி வாங்கி, ஒதுங்கி நின்று கூழ் குடித்தவர். அருள் நிலக்காரர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: “கவலப்படாதீங்க சார், மைனஸ் எம்பது டிகிரியில எல்லாரும் கல்லுதான்.”

திரும்பப் பெறும் உரிமை

‘எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே, நீங்கள் விலகிக்கொள்ளலாம்.’ இது நாலாம் பக்கம். எனக்குப் பிடித்த பக்கம். இத்தனை வருஷத்தில் அந்த உரிமையைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். சதுரங்கப்பட்டினத்து மீனவர், எழுபதைத் தொட்டவர். படிவத்தில் ‘வருங்கால ஆராய்ச்சிகளுக்காக வெளிநாட்டு ஆய்வகங்களுக்கும் அனுப்பப்படலாம்’ என்று இருந்ததை அவர் பேத்தி ஆறு மாசம் கழித்துப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

ரத்தம் ஏற்கெனவே போய்விட்டது என்றும், இனிமேல் அவர் பேரில் புதிதாக எதுவும் செய்ய மாட்டார்கள் என்றும், ஏற்கெனவே கண்டுபிடித்ததை அழிக்க முடியாது என்றும் நித்யா விளக்கினார். கிழவர் கோபப்படவில்லை. துபாயில் இருக்கிற மகனைப் பார்க்க நாலு வருஷமாக அலைகிறாராம், ஏதோ பேர் தப்பு, பிறந்த தேதி தப்பு என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களாம். கண்ணாடிக் கட்டடத்தை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எனக்கே பாஸ்போர்ட்டு குடுக்க மாட்டன்றானுங்க, எம் ரத்தத்துக்கு எப்பிடிக் குடுத்தானுங்க?”

மத்தியானச் சட்டை

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் வயது வந்த அத்தனை பேரும் ரத்தம் கொடுத்தால்தான் அந்தக் குடும்பத்தையே கணக்கில் சேர்ப்பார்கள் என்பது விதி. தேசம்மா கொடுத்தாள். மூன்றாம் வருஷம் அதே ஊரில் போட்ட இரண்டாவது முகாமில் பிள்ளைகள் இருவரும் கொடுக்க வேண்டும். அதற்குள் சுரேஷுக்கு மதுராந்தகம் பக்கத்தில் பெண் முடிவாகிவிட்டது. பெண்ணின் அத்தை வீடு சமுதாயக் கூடத்துக்கு எதிர்ச் சந்தில். மாப்பிள்ளை ‘நெஞ்சு வியாதி முகாமில்’ நின்றான் என்று சேதி போனால் அன்றைக்கே தட்டு திரும்பி வரும். காலையில் ரவி நீலச் சட்டையில் வந்து இடது கையை நீட்டினான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் ரவி வந்தான். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை, கையில் சுரேஷின் ஆதார் நகல். வலது சட்டைக்கையை மட்டும் மடித்துவிட்டுக் கையை நீட்டினான். இடது சட்டைக்கையில், காலையில் ஒட்டின பிளாஸ்திரி மேட்டுக்கு மேல் ஒரு பொட்டு ரத்தம் ஊறியிருந்தது. அருள் ஒரு நாளைக்கு அறுபது கையைப் பார்க்கிறவன், முகத்தைப் பார்ப்பதில்லை. நித்யா ஆதார் படத்தைப் பார்த்தார். அந்தப் படத்தில் தன் பிள்ளையைத் தாயே அடையாளம் காண மாட்டாள். நான் பார்த்தேன். எனக்கு அது ரவி என்று தெரியும். ரவிக்கும் அது எனக்குத் தெரியும் என்று தெரியும்.

கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பாதி, குறும்பு, பதினேழு பக்கத்தையும் ஒரு கட்டம் போட்ட சட்டை ஏமாற்றியதில் எனக்கு ஒரு சிரிப்பு. மீதி, கணக்கு: முடிவை யாருக்குமே சொல்லப் போவதில்லையே, யார் ரத்தம் யார் பேரில் இருந்தால் யாருக்கு என்ன கெடுதல்? ‘ஒரே தாய்க்குப் பிறந்தவர்களிலும் ஒருவருக்கு இருக்கலாம், மற்றவருக்கு இல்லாமலிருக்கலாம்’ என்று ஆறாம் பக்கம் சொல்கிறது. அதை ஐம்பது தடவை கேட்டவன் நான். அதை அன்றைக்கே தேசம்மாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். வாசலில் எனக்காகக் காத்திருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தேகமே இல்லாத முகத்தோடு சொன்னாள்: “ஒரே வயித்துல பொறந்த ரத்தம் அண்ணாத்த, எந்தக் கையில எட்த்தா இன்னா?”

சாமானிய உறுப்பினர்

சுரேஷ் கல்யாணத்தில் நான் முதல் பந்தியில் சாப்பிட்டேன். அடுத்த மாசமே எனக்குப் பதவி உயர்வு. கூடத்தின் நெறிமுறைக் குழுவில் வக்கீல், டாக்டர்கள் தவிர ஒரு சாமானியரும் இருக்க வேண்டுமாம். இருந்த சாமானியர் பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். என்னைப் போட்டார்கள். சாட்சி வேலை அன்றோடு முடிந்தது. குழுவில் உட்கார்ந்ததும் எனக்குச் சம்பந்தம் வந்துவிட்டதே.

முதல் கூட்டத்திலேயே பெரிய வழக்கு. பரிசோதனையில் ஒருவருக்கு உயிராபத்து என்று தெரிந்தால் அவரிடம் சொல்லலாமா? ஒரு டாக்டர், சொன்னால் பயத்திலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள், மீதிப் பேருக்கு வைத்தியம் பார்க்க வசதி எங்கே, என்றார். வக்கீல் அம்மா, சொல்ல மாட்டோம் என்று எழுதி வாங்கிவிட்டுச் சொல்வது ஒப்பந்த மீறல் என்றார். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு என்றார். நான் எழுந்து, பஸ் தப்பான ஊருக்குப் போகிறது என்று கண்டக்டருக்குத் தெரிந்தும் பயணியிடம் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்படி ஒரு பெரியவர் இறங்காமலே ஆறு வருஷம் என் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஒரு டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு, புருஷன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விழுந்த ஒருத்தி பதினோராம் பக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்வியைச் சொன்னேன்.

தீர்மானம் நிறைவேறியது. ஆபத்து இருக்கிறவர்களுக்கு மட்டும் கடிதம் போகும், நேரில் கூப்பிட்டுப் பேசுவார்கள். மற்றவர்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. என் வாழ்க்கையில் நான் அவிழ்த்துவிட்ட கதை ஒன்று உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். வெளியே வரும்போது வக்கீல் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: “நீங்க சொன்னது நியாயம்தாங்க ஐயா, என்ன, நியாயத்துக்கு எங்ககிட்ட ஃபார்மேட் இல்ல, இனிமேதான் டைப் பண்ணணும்.”

பிந்திப் பிறந்த இரட்டையர்

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. முடிவைச் சொல்லவே மாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்ட கையெழுத்து அது. இப்போது சொல்வார்கள். சொல்ல வைத்தவன் நான். ரவியின் ரத்தத்தைச் சுரேஷின் பேரில் வைத்துக்கொண்டு சுரேஷைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆனால் யந்திரம் நம்மைவிடக் கெட்டி. சில வாரம் கழித்து, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் இறால் பேரம் பேசிக்கொண்டிருந்த அருளைப் பார்த்தேன். ஆராய்ச்சிக் கூடத்துக் கதையை அவனே ஆரம்பித்தான். பேர் எதுவும் அவனுக்குத் தெரியாது, எல்லாம் எண்தான். ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ரத்தமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதாம், ஒரே கருவிலே பிறந்தவர்கள் மாதிரி. ஆனால் பிறந்த தேதி வேறு. ‘மாதிரிக் குழப்பம்’ என்று ஒரு வார்த்தை போட்டு, இரண்டாவது குழாயைக் கழித்துவிட்டார்களாம். முதல் குழாயில் கோளாறு ஒன்றும் இல்லையாம். அதாவது ரவி தப்பித்தான். சுரேஷைப் பற்றி உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அருள் இறாலைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தான்: “தாத்தா, நீ ஊர்ப்பட்ட கத சொல்லுவியே, ரெண்டு வருசம் கழிச்சி பொறந்த ரெட்டப் புள்ளைங்கள எங்கனா பாத்துகீறியா?”

கடிதம் வராத வீடு

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஒன்பது வீட்டுக்குக் கடிதம் வந்தது. நிலக்காரருக்கும் ஒன்று. அவர் சென்னைக்குப் போய் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கருவி வைத்துக்கொண்டு வந்தார், நன்றாக இருக்கிறார். ஆக, தீர்மானம் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

தேசம்மா வீட்டுக்குக் கடிதம் வரவில்லை. எப்படி வரும்? ஒரு குழாயில் குற்றமில்லை, இன்னொரு குழாய் குப்பையில். நாற்பத்தெட்டு நாள் காத்திருந்துவிட்டு, அவள் பக்கத்துக் கோயிலில் பொங்கல் வைத்துத் தூக்கில் எனக்கும் கொண்டுவந்தாள். அவளை அவ்வளவு லேசாக நான் பார்த்ததே இல்லை. ஏகாம்பரம் போன நாளிலிருந்து பிள்ளைகள் டீ குடித்தால்கூட பக்கத்தில் நின்று கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம், இனிமேல் வேண்டாமாம். நான் பொங்கலை விரலால் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இன்னா அண்ணாத்த ஒரு மாதிரி கீற, லெட்டர் வர்லன்னா நல்ல சேதின்னு ஊரெல்லாம் சொல்லிகினு வந்தவன் நீதான?”

நித்யா கொடுத்த டீ

மறுநாள் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீலச் சட்டை, கட்டம் போட்ட சட்டை, பிளாஸ்திரி, என் கையெழுத்து. சுரேஷைக் கூப்பிட்டு ஒரே ஒரு குழாய் எடுங்கள் போதும் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டது, இனி ஒரு குழாய்கூட எடுக்க அனுமதி இல்லை, என்றார். அது சின்ன விஷயம். சாட்சி பொய் என்று ஒரு படிவத்தில் தெரிந்தால், அந்தச் சாட்சி போட்ட அத்தனை படிவமும் செல்லாது. மூன்று வருஷத்துப் படிவங்கள் எல்லாவற்றிலும் என் கையெழுத்து. அத்தனை ரத்தத்தையும் கொட்ட வேண்டும். இன்னும் முடிவு வராத குடும்பங்களுக்கு இனிமேல் கடிதமே வராது. அவர்களில் எத்தனை ஏகாம்பரம் இருக்கிறார்களோ, என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. ஒரு பையனைக் காட்டி நான் கேட்டேன். பேர் தெரியாத பத்துப் பேரைக் காட்டி அவர் மறுத்தார். இதற்கு எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று குழுவில் இருக்கிற எனக்கே தெரியவில்லை. டீ வந்தது. நான் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார்: “சார், நீங்க வந்தீங்க, டீ குடிச்சீங்க, வழக்கம்போல திமிங்கலக் கதை சொன்னீங்க, வேற எதுவும் சொல்லல.”

டிரைவர் உத்தியோகம்

மிச்சமிருந்தது ஒரே வழி. ஞாயிற்றுக்கிழமை தேசம்மா வீட்டுக்குப் போய், அவளையும் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, ஆறாம் பக்கத்தைச் சொன்னேன். ரத்தம் ஒன்றல்ல. ரவிக்கு இல்லை என்றால் சுரேஷுக்கும் இல்லை என்று ஆகாது. தேசம்மா முதலில் நான் விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தாள். ரவி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. யாரையும் திட்டவில்லை. எழுந்துபோய்ச் சுரேஷ் கையில் இருந்த டீ கிளாஸை வாங்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சுரேஷிடம், செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னோடு வா, நெஞ்சுப் பரிசோதனை செய்துகொள்ளலாம், அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், என்றேன். போன சித்திரையில் வண்டி கழுவும்போது ஒரு தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது என்று அவனே சொன்னான். வெயில் என்று விட்டுவிட்டானாம். அதற்காகவாவது வா என்றேன். வேன் முதலாளி வருஷா வருஷம் டாக்டர் சீட்டு கேட்கிறவர். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். “தெரியாத வரிக்கும் நான் டிரைவரு மாமா,” என்றான் கடைசியில், “தெரிஞ்சிதுன்னா பேசண்ட்டு, பேசண்ட்டுக்கு எவன் வண்டி சாவி குடுப்பான்?”

கேட்காமல் விட்ட ஆள்

அந்த வேனில் காலையும் மாலையும் பதினாலு குழந்தைகள் போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு மூன்று தடவை கடிதம் எழுதினேன், மூன்று தடவையும் கிழித்தேன். என்னவென்று எழுதுவது? எடுக்காத ரத்தத்தில் இருக்கலாம் என்கிற கோளாறுக்காக ஒருவன் சோற்றைப் பிடுங்குங்கள் என்றா? எழுதாமல் விட்டால் அது இன்னொரு கையெழுத்து. குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். காரணம் கூறாமலே விலகலாம் என்பது எனக்கும் உண்டே.

போன வாரம் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சுரேஷ் பெண்டாட்டி கவிதாவைப் பார்த்தேன். மாசச் செக்கப்புக்கு வந்திருக்கிறாள், ஏழு மாசம். பஸ் வரும்வரை நிழலில் நின்றோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, சுரேஷே சொல்லியிருக்கிறான். இந்தப் பெண் என்னைக் கண்டபடி பேசப் போகிறாள் என்று காத்திருந்தேன். பேசினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. அவள் வயிற்றின் மேல் ஃபைலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இந்தக் குழந்தைக்கும் வருமா என்று கேட்டாள். அப்பாவுக்கு இருந்தால் வரலாம், வராமலும் இருக்கலாம், என்றேன். அப்பாவுக்கு இருக்கிறதா என்றாள். தெரியாது என்றேன். கல்பாக்கம் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் கேட்டாள்: “பொண்ணு வூட்டுக்குத் தெரியக்கூடாது, தெரியக்கூடாதுன்னே எல்லாம் பண்ணிகினீங்களே தாத்தா, அந்தப் பொண்ணு நான்தான, என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

இப்போதெல்லாம் காலை எட்டேகாலுக்கு ரோட்டோரம் நின்று, சுரேஷின் மஞ்சள் வேன் ஒழுங்காக வளைவு திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். இந்த ஒரு சாட்சிக்கு மட்டும் என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.